ஏற்காட்டில் எங்கள் சபை நடத்திய இரண்டு நாள் குடும்ப முகாம்: போய்வந்த அனுபவம்

மே மாதம் எங்கள் கிறிஸ்தவ சபை ஏற்காட்டில் நடத்திய இரண்டு நாள் குடும்ப முகாமுக்கு வீட்டோடு போய்விட்டு வந்தோம். நான், என் வீட்டுக்காரர், பத்தாவது போகப் போகும் பையன், ஏழாவது போகப் போகும் பொண்ணு, மாமியார், ஆக ஐந்து பேர். வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "எப்படி இருந்துச்சு, காசுக்குத் தகுமா?" அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்கிறார்கள், "சபை இதெல்லாம் நடத்தலாமாங்க?" இரண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் சபையின் பெயரையோ தங்கிய இடத்தின் பெயரையோ போடவில்லை. கூட வந்தவர்களுக்குப் படித்தாலே புரியும்.

முதலில் காசு. பெரியவர்களுக்கு 1,400 ரூபாய், 12 வயதுக்குள் இருந்தால் 800. பஸ், தங்குமிடம், நான்கு வேளைச் சாப்பாடு, டீ காபி எல்லாம் அதிலேயே அடக்கம். மே மாதத்தில் ஏற்காட்டில் நாமாகப் போய் ஒரு அறை எடுத்தால் வாடகைக்கே அதைவிட அதிகமாகிவிடும். கட்ட முடியாத குடும்பங்களுக்குச் சபையே கட்டிவிடும் என்று ஆராதனை முடிந்ததும் அறிவித்தார்கள். மொத்தம் 84 பேர் வந்தோம், அதில் 16 பேருக்குச் சபை கட்டியது. இந்த 16 பேர் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன், நான் இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

காலை ஆறரைக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் ஏறினோம். இரண்டு பஸ், இரண்டும் நல்ல பஸ்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் நிறுத்தி ஒரு ஜெபம், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவுக்குள் நாலு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள், கவர் யாரிடமும் இல்லை. யாரோ ஒரு அக்கா தன் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து கொடுத்தார். 84 பேரை மலைக்குக் கூட்டிப் போகிறவர்கள் எலுமிச்சம்பழமும் கவரும் எடுத்து வைத்திருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் இல்லை, மறுநாள் ஒரு பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோதுதான் அது தெரிந்தது. ஒருவர் பைக் எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு ஓடி மருந்து வாங்கி வந்தார்.

தங்கிய இடம் ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு காபித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி, காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி. கீழே சேலத்தில் வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வாரம் அது. அறைகள் சுத்தம். பெண்களுக்குத் தனி மாடி, பாதுகாப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வெந்நீர் ஒரே ஒரு பாய்லரில், அதுவும் ஆறு மணிக்கு மேல். வயதானவர்கள் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தால் மாமியாருக்கு நான் ஒரு ஹீட்டர் கம்பியாவது எடுத்து வந்திருப்பேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. முதல் நாள் மதியம் சாம்பார் சாதம், பொரியல், அப்பளம். இரவு சப்பாத்தி குருமா. மறுநாள் காலையில் பொங்கல், மதியம் சிக்கன் பிரியாணி. இதையெல்லாம்விட எனக்கு மறக்காதது முதல் நாள் சாயங்காலம் வாலிபப் பசங்க போட்ட தட்டுவடை செட் கடை. சேலத்திலிருந்தே இரண்டு டின் தட்டுவடை, துருவிய கேரட் பீட்ரூட், வெங்காயம், பச்சை சட்னி, சிவப்பு சட்னி எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். ஒரு மேசையைப் போட்டு, ஒருத்தன் சட்னி தடவ, ஒருத்தன் காய் வைக்க, ஒருத்தன் மேலே இன்னொரு வடையை மூடி அழுத்த, அந்தக் குளிருக்கு அவ்வளவு ருசி. மாமியார் மூன்று செட் சாப்பிட்டார். சபைக்கு வருகிற பிள்ளைகளை நமக்குப் பேர்கூடச் சரியாகத் தெரியாது. அன்றைக்குத்தான் அந்தச் சட்னி தடவிய பையன் நாலு ரோட்டில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், அப்பா இல்லை, தங்கையை அவன்தான் படிக்க வைக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். மூன்று வருஷமாக எனக்கு முன் வரிசையில் உட்காருகிற பையன் அவன்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. சபை இதெல்லாம் நடத்தலாமா? எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி. மாமியாருக்குத் திருநெல்வேலிப் பக்கம், மாமனார் இரும்பாலையில் வேலை கிடைத்து வந்ததால் சேலத்துக்காரர் ஆனவர். மாமியார் முகாம் அறிவிப்பைக் கேட்ட அன்றே சொன்னார், "ஜெபத்துக்கு வராதவுக எல்லாம் பிரியாணிக்கு வருவாக, பாரு." சபை கூடுவது ஆராதனைக்கு, வசனத்துக்கு, நற்கருணைக்கு, ஏழைக்குக் கொடுப்பதற்கு. விளையாட்டும் விருந்தும் வீட்டு வேலை, குடும்ப வேலை. இதுதான் அவர் வாதம். இதற்கு அவர் எடுப்பது கொரிந்தியருக்கு பவுல் எழுதிய முதல் நிருபம், 11-ம் அதிகாரம் 22-ம் வசனம். சாப்பிடவும் குடிக்கவும் உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று பவுல் கேட்கிற இடம். அப்புறம் சரீர முயற்சி, அதாவது உடற்பயிற்சி, அற்பப் பிரயோஜனமுள்ளது என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இருக்கிறது.

நான் இதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். இந்த வாதம் உலகம் முழுக்க சபைகளை இரண்டாகப் பிரித்த வாதம். அமெரிக்காவில் இதே வசனத்தை வைத்துக்கொண்டு சபைக் காசில் சாப்பாட்டுக் கூடமே கட்டக்கூடாது என்று இன்றும் நிற்கிற சபைகள் இருக்கின்றன. அவர்கள் விளையாட்டுக்கு எதிரிகள் கிடையாது. விசுவாசிகள் தாங்களாகச் சேர்ந்து விளையாடட்டும், காணிக்கைப் பணத்தைத் தொடாதீர்கள் என்பதுதான் அவர்கள் சொல்வது. காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடுகிற பாட்டி அது சுவிசேஷத்துக்கும் இல்லாதவர்களுக்கும் போகும் என்று நம்பிப் போடுகிறார். அதில் வாலிபால் நெட் வாங்கினால் அவரிடம் கேட்டோமா? நான் ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள். எந்தத் தலைப்பில் வந்த காசு எந்தத் தலைப்பில் போனது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியாது.

வாலிபால் என்றதும் ஞாபகம் வருகிறது. முகாமில் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே நெட் கட்டி, நாற்பதைத் தாண்டிய ஆண்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பையன்கள் ஒரு பக்கம் ஆடினார்கள். அந்த ஆட்டமே நடு வயதுக்காரர்களுக்காகப் பிறந்ததுதான். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உண்டாக்கினார். ஓடி ஓடி ஆடுவது நடு வயதுக்காரர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதென்று 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் வில்லியம் மார்கன் வாலிபாலை உண்டாக்கினார். நம்ம ஊருக்கும் அந்த வழியில்தான் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்து வந்தவர்கள்தான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பி.டி. வாத்தியார்கள். இதை நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதும் சபை மூப்பர் ஒருவர், "சரிம்மா, ஆனா ஒய்.எம்.சி.ஏ. சபை இல்லையே, தனிச் சங்கம்தானே" என்றார். அவர் சொன்னது சரி. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஆரம்பித்தபோதே அது ஜவுளிக் கடையில் வேலை பார்த்த வாலிபர்கள் தாங்களாகச் சேர்ந்த கூட்டம்தான், எந்தச் சபையின் கணக்கிலும் கிடையாது. ஜவுளிக் கடைப் பசங்க என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

அதே மூப்பர் இன்னொன்றும் சொன்னார், அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் சபை, தன் பிள்ளைகள் குளிர்காலத்திலும் விளையாடட்டும் என்று 1878-ல் கால்பந்து அணி ஆரம்பித்தது. வெளியாட்களும் சேர விரும்பியதால் அடுத்த வருஷமே பேரை எவர்ட்டன் என்று மாற்றினார்கள். இன்றைக்கு எவர்ட்டன் உலகத்துக்கே தெரியும், அந்தச் சபையை யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஆஸ்டன் வில்லா அணியும் அப்படி ஒரு சபைப் பையன்கள் 1874-ல் ஆரம்பித்ததுதான். ஆட்டம் வெளியே போய்விடும், ஆத்துமா உள்ளே வராது என்பது அவர் கவலை.

யோசித்துப் பார்த்தேன். என் பையனையே எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சபை காம்பவுண்டில் நடக்கிற வாலிபாலுக்குத் தவறாமல் போவான், ஞாயிற்றுக்கிழமை எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போகும். விளையாட்டுக்கு வருகிறவன் விசுவாசத்துக்கும் வருவான் என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு உதைக்கும். அதனால் தூண்டில் போடுவதற்காக விளையாட்டு நடத்தாதீர்கள் என்பது என் கருத்து. பந்தைக் காட்டிக் கூப்பிட்டு, வந்ததும் கதவைச் சாத்திப் பிரசங்கம் பண்ணினால் பிள்ளைகளுக்கு ஏமாற்றிய மாதிரிதான் இருக்கும். இந்த முகாமிலேயே அது நடந்தது. முதல் நாள் மாலை 4 மணி முதல் 6 மணி வரை விளையாட்டு என்று தாளில் போட்டிருந்தது. நாலு மணிக்கு ஒரு "சின்னச் செய்தி" என்றார்கள், அது 5.10-க்கு முடிந்தது. இரவுக் கூட்டம் பத்தே முக்கால் வரை போனது. மடியில் தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் அறைக்கு நடந்தோம். செய்தி நல்ல செய்திதான், காலையில் ஏழு மணிக்கு வைத்திருந்தால் முழுசாகக் கேட்டிருப்பேன்.

அப்படியென்றால் எதற்காக நடத்த வேண்டும்? எனக்குத் தெரிந்த பதில் என் பொண்ணு. சேலத்தில் பையன்கள் எங்கே வேண்டுமானாலும் விளையாடுகிறார்கள், காலி மனை போதும், தெரு முனை போதும், காந்தி ஸ்டேடியம் இருக்கிறது. பன்னிரண்டு வயது தாண்டிய பெண் பிள்ளை சாயங்காலம் எங்கே போய் ஓடுவாள்? நாங்கள் இருக்கிற தெருவில் ஷட்டில் மட்டையை வெளியே எடுத்தாலே நாலு பேர் நின்று பார்ப்பார்கள். சபை காம்பவுண்டுக்குள் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினார்கள், இரண்டு ஆன்ட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒரு பாய் வீட்டுப் பிள்ளை எல்லாரும் வருகிறார்கள். யாரிடமும் துண்டுப் பிரதி கொடுப்பதில்லை, அது நாங்கள் கேட்டு வைத்த கட்டுப்பாடு. சுற்றுச்சுவர் உள்ள, விளக்கு உள்ள, பெற்றோர் நம்பி அனுப்பக்கூடிய இடம் நம்ம ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது? வாரத்தில் ஆறு நாள் அந்த இடம் பூட்டித்தானே கிடக்கிறது. இத்தாலியின் டூரின் நகரத்தில் தெருவில் சுற்றிய பையன்களுக்கு டான் போஸ்கோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் முதலில் விளையாட ஓர் இடம் தேடித் திரிந்தார் என்பார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது என் பொண்ணு வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

மாமியாரிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். "அத்தை, உங்க ஊர் கோயில்ல அசன விருந்து போடுவாங்கல்ல, ஊரே உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடுமே, அது மட்டும் ஆராதனையா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அசனம் வேற" என்றார். அப்புறம் அவரே, "அதுல பணக்காரன் ஏழைன்னு பந்தி கெடையாது, எல்லாருக்கும் ஒரே எல" என்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அந்த 16 பேர். சாப்பாட்டுக்குப் போகும்போது கழுத்தில் மாட்டிய அட்டையைக் காட்ட வேண்டும், வேளைக்கு ஒரு கட்டத்தில் டிக் போடுவார்கள். காசு கட்டியவர்களுக்கு வெள்ளை அட்டை. சபை கட்டியவர்களுக்குப் பச்சை. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். சமையல்காரருக்குத் தனி பில், சபைக்குத் தனி பில், எண்ணுவதற்குச் சுலபம் என்று யாரோ யோசித்த வேலை. ஆனால் முதல் நாள் மதியம் வரிசையில் எங்களுக்கு முன்னால் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதி வெள்ளியை ஒட்டுகிற வேலை பார்க்கும் ஒரு அக்காவும் அவர் பொண்ணும் நின்றார்கள். எட்டு வயது இருக்கும். என் பொண்ணின் அட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்மளுது மட்டும் ஏன் பச்சை?" என்று சத்தமாகவே கேட்டது. அந்த அக்கா பதில் சொல்லவில்லை. அட்டையைச் சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டார். விரல் நுனியெல்லாம் சூடு பட்டுக் கறுத்த கை. டிக் போடுகிறவர் கையை நீட்டினார், இவர் விரிக்கவே இல்லை. பின்னால் நின்ற நாங்கள் எல்லாரும் பார்த்தோம், எல்லாரும் பார்க்காத மாதிரி நின்றோம். நானும்தான்.

மறுநாள் மதியம் பிரியாணிக்கு அவர் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது பார்த்தேன், பின்பக்கத் திண்ணையில் அம்மாவும் பொண்ணும் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டு வந்த பன்னைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மாமியாரிடம் வந்து சொன்னேன். அவர் எழுந்து நேராகப் பாஸ்டர் ஐயாவிடம் போனார். ஐயா அப்போதுதான் பசங்களோடு ஆடிவிட்டு, மடித்துவிட்ட பேண்ட்டும் மண் ஒட்டிய காலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமியார் சத்தம் போடவில்லை. "ஐயா, வீடு இல்லையாங்கிற வசனத்த நானும் இத்தன வருஷமா பாதிதான் படிச்சிருக்கேன். மீதிய நீங்க வாசிங்க" என்றார். ஐயாவுக்கு மனப்பாடம்தான், வாசிக்க வேண்டியதில்லை. வீடுகள் இல்லையா என்று கேட்ட கையோடு பவுல் கேட்பது, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்பது. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், அதற்குத்தான் அவ்வளவு கோபம். அந்த அதிகாரம் முடிகிற இடத்தில் சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றும் சொல்கிறார். சேர்ந்து சாப்பிடவே கூடாது என்று அவர் நினைத்திருந்தால் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஐயா எழுந்துபோய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் எல்லாருடைய அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

கீழே வந்த பிறகு நான்கு பேர் சேர்ந்து கமிட்டியைப் பார்த்தோம். மூன்று விஷயம் கேட்டோம். முகாமுக்கும் விளையாட்டுக்கும் தனி உண்டியல், தனிக் கணக்கு, காணிக்கையிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதானாலும் சபைக் கூட்டத்தில் கேட்டுவிட்டு. இரண்டாவது, யாருக்குச் சபை கட்டியது என்பது பொருளாளருக்கும் பாஸ்டருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், அட்டை எல்லாருக்கும் ஒரே நிறம். மூன்றாவது, விளையாட்டு என்று போட்ட நேரம் விளையாட்டுக்கே. அட்டை விஷயத்தில் உடனே சரி என்றார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். தனிக் கணக்குக்கு ஒப்புக்கொண்டார்கள், அடுத்த சபைக் கூட்டத்தில் வைக்கிறார்கள். மூன்றாவதற்கு "பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பார்க்கலாமை நான் விடப்போவதில்லை. ஒலிபெருக்கிக்கும் பெரிய திரைக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்தபோது எழாத கேள்வி பந்து வாங்கும்போது மட்டும் ஏன் எழுகிறது என்று ஒரு வாலிபன் கேட்டான், அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. இடம், சாப்பாடு, பாதுகாப்பு, வாலிபப் பசங்களின் உழைப்பு எல்லாவற்றுக்கும் முழுசாகக் கொடுக்கலாம். பச்சை அட்டைக்கு ஒன்றும், பாய்லரையும் முதலுதவிப் பெட்டியையும் சேர்த்து ஒன்றும் குறைத்திருக்கிறேன். போகிறவர்கள் மே மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வாந்தி வருகிற பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வையுங்கள். இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்தார்கள், கூட்டம் குறைவாக இருந்தது, பிள்ளைகளுக்கும் பரவாயில்லை.

அடுத்த முகாம் பூஜை விடுமுறையில் என்று பேசிக்கொள்கிறார்கள். மாமியார் எங்கள் ஐந்து பேர் பெயரையும் கொடுக்கச் சொல்லிவிட்டார், கூடவே இன்னும் இரண்டு பேருக்கான பணத்தையும் கொடுத்தார். யாருக்கென்று பொருளாளர் கேட்டதற்கு, "அது உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும், எனக்கு வேண்டாம்" என்றாராம். அந்தக் கொலுசுப் பட்டறை அக்கா வருவாரா என்பது தெரியவில்லை. போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தேன், சிரித்தார். பொண்ணு சனிக்கிழமை ஷட்டிலுக்கு வருகிறதா என்று கேட்டேன். மட்டை இல்லை என்றார். எங்கள் வீட்டில் ஒன்று கூடுதலாக இருக்கிறது, இந்தச் சனிக்கிழமை என் பொண்ணு எடுத்துக்கொண்டு போகிறாள்.